ஊசல் சொன்னபடி ஆடவில்லையா? கோளாறு வாரியாகக் காரணமும் வழியும்

எங்கள் வீட்டில் ஊசல் என்றால் கொத்தனார் வைத்திருப்பது போன்ற, கையடக்கமான பித்தளைத் தூக்குக்குண்டு. பெரியப்பா அதை ஒரு சாண் நூலில் கட்டி வேட்டி மடிப்பில் செருகியிருப்பார். எங்கள் ஊர் சங்ககிரிப் பக்கம். சுற்றுவட்டாரத்தில் யார் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதாக இருந்தாலும், பாயிண்ட் பார்க்க, அதாவது ஊசல் ஆடுவதை வைத்துத் தண்ணீர் இருக்கும் இடத்தைச் சொல்ல, முந்தின நாள் சாயங்காலம் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். பதினைந்து வயதில் அவர் பின்னாலேயே நடந்து நானும் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் பிடிக்கிறேன். தண்ணீருக்கு மட்டுமில்லை, ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஊசல் ஆடுகிற திசையை ஆம், இல்லை என்று படிப்பதும் உண்டு.

அதனால், புதிதாகப் பழகுகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பார்கள். சிலருக்கு அசையவே மாட்டேன் என்கிறது. சிலருக்குச் சுற்ற ஆரம்பித்தால் நிற்பதில்லை. நேற்று ஆம் என்றது இன்று இல்லை என்கிறது. கோளாறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எனக்குத் தெரிந்த காரணத்தையும் சரிசெய்யும் வழியையும் கீழே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசலை ஆட்டுவது உங்கள் கை. வேண்டுமென்றே ஆட்டுகிறீர்கள் என்று சொல்லவில்லை. உங்களுக்கே தெரியாமல் கை அசைகிறது, ஊசல் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதை ஏற்றுக்கொண்டால் கீழே உள்ள எல்லாக் கோளாறுக்கும் காரணம் பிடிபடும். ஏற்றுக்கொள்ள மனம் வராதவர்கள் “நான் நினைத்ததையே சொல்கிறது” என்ற பகுதியில் இருக்கும் சோதனையை முதலில் செய்துவிட்டு மற்றதைப் படிக்கலாம்.

ஊசல் அசையவே மாட்டேன் என்கிறது

நூலின் நீளத்தைப் பாருங்கள். ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது. குண்டின் எடைக்கு அதில் பங்கில்லை. 20 சென்டிமீட்டர் நூல் என்றால் 0.9 விநாடி, ஒரு மீட்டர் என்றால் 2 விநாடி. கையின் அசைவு இந்தத் தாளத்தோடு சேரும்போதுதான் ஆட்டம் வளரும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையைச் சரியான நேரத்தில் ஒற்றை விரலால் தள்ளினாலே ஊஞ்சல் உயரப் போகிறதே, அது மாதிரி. விரல் நுனி முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டர் அசைந்தால் போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் கூடிக்கொண்டே போய், பத்தாவது ஆட்டத்தில் ஊசல் ஒன்றரை சென்டிமீட்டர் விலகி ஆடும். அரை மில்லிமீட்டர் என்பது ஏடிஎம் கார்டின் தடிமனைவிடக் குறைவு. கை அசைந்ததே உங்களுக்குத் தெரியாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

முழ நீளத்துக்கு நூல் கட்டியிருந்தால் தாளம் மந்தமாகிவிடும், கை அதோடு சேருவது கடினம். 15 முதல் 20 சென்டிமீட்டர் வையுங்கள். குண்டு 20, 30 கிராம் இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற இரும்பு நட்டு ஒன்றே போதும். பொத்தான், பாசிமணி மாதிரி லேசானதைக் கட்டினால் காற்றே ஆட்டத்தை அடக்கிவிடும். முழங்கையை மேசையில் ஊன்றலாம், மணிக்கட்டை ஊன்றக் கூடாது. மணிக்கட்டும் ஊன்றிவிட்டால் ஊசல் அநேகமாக நின்றுவிடும். ஏன் என்பது பின்னால் வரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், குண்டையே பார்த்துக்கொண்டு, அது முன்னும் பின்னும் போவதாக ஒரு நிமிடம் மனதில் நினையுங்கள். அதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடும்.

தன்னைத்தானே சுற்றுகிறது, வட்டம் போடவில்லை

இது நூலின் முறுக்கு. தையல் நூல் முறுக்கித் திரித்தது. எடை தொங்கியதும் முறுக்கு அவிழ்ந்து குண்டு பம்பரமாகச் சுழலும். இதைப் பதில் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. ராத்திரி ஒரு ஆணியில் தொங்கவிட்டுவிட்டால் காலையில் முறுக்கு போயிருக்கும். அவசரம் என்றால் மெல்லிய சங்கிலிக்கு மாறுங்கள்.

எப்போதும் ஒரே பதிலே வருகிறது

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்புறம் கையை மாற்றிப் பிடியுங்கள். பதிலும் சேர்ந்து மாறினால் அது உங்கள் மணிக்கட்டின் பழக்கம்.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. கழுத்துச் சங்கிலியை டாலரோடு கழற்றி, அப்படியே இரண்டு விரலில் அகட்டி மாட்டிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். அப்போது சங்கிலி டாலருக்கு மேல் கவை மாதிரி இரண்டாகப் பிரிந்து நிற்கும். அப்படித் தொங்குகிற எதுவும் அந்தக் கவைக்குக் குறுக்கே தாராளமாக ஆடும், கவையின் வாட்டத்தில் ஆட முடியாது. நீங்கள் எதை ‘ஆம்’ என்று வைத்திருந்தாலும் சங்கிலிக்குத் தெரிந்தது ஒரே திசைதான். கொக்கியைக் கழற்றி ஒற்றை இழையாகப் பிடியுங்கள்.

‘ஆம்’ என்று தொடங்கி ‘இல்லை’ என்று திரும்பிவிடுகிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். முன்னும் பின்னும் ஆடத் தொடங்கிய ஊசல் கொஞ்ச நேரத்தில் முட்டை வடிவமாகும். பிறகு அந்த முட்டையே மெல்லத் திரும்பி, இடம் வலமாகப் போய் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்த்துவிடும். ஊசல் முதலில் ஒன்றைச் சொல்லி, பிறகு யோசித்து மாற்றிக்கொண்டது போலவே இருக்கும். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, மனம் மாறப்போகிறது என்று என்னென்னவோ பலன் சொல்வார்கள்.

கையே இல்லாமல் இதைப் பார்க்கலாம். மர ஸ்கேலின் முனையில் ஒரு துளை இருக்கும் அல்லவா, அதன் வழியாக நூலைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். ஸ்கேலை மேசை விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். நட்டை 5 சென்டிமீட்டர் இழுத்து, விடும்போது பக்கவாட்டில் லேசாகத் தட்டிவிடுங்கள். ஊசல் நீள்வட்டத்தில் ஓடும். நீள்வட்டத்தில் ஓடுகிற எந்த ஊசலுக்கும், அது ஓடுகிற திசையிலேயே அச்சும் மெல்லத் திரும்புவது இயல்பு. 20 சென்டிமீட்டர் நூலில், 5 சென்டிமீட்டர் நீளவாக்கிலும் 2 சென்டிமீட்டர் அகலவாக்கிலும் விலகி ஆடினால், ஒரு சுற்றுக்கு மூன்று டிகிரிக்குச் சற்று அதிகமாகத் திரும்பும். 27 சுற்றில், அதாவது ஏறக்குறைய 24 விநாடியில், கால் வட்டம் திரும்பியாயிற்று. ‘ஆம்’ இருந்த இடத்தில் ‘இல்லை’ வந்து நிற்கிறது. யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் பிடித்திருக்கவும் இல்லை.

கையில் பிடிக்கும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலை அழுத்திப் பிடிக்கிறோம். நூல் ஒரு திசையில் விரலின் சதையை ஒட்டி வளைகிறது, மறு திசையில் பிடியின் அடியிலிருந்தே ஆடுகிறது. ஆக, இரு திசைக்கும் நூலின் நீளம் சில மில்லிமீட்டர் வேறுபடும். 5 மில்லிமீட்டர் வேறுபட்டாலே, சாய்வாகத் தொடங்கிய நேர்கோடு 20 ஆட்டத்தில் உருண்டு, 40 ஆட்டத்தில் எதிர்ச்சாய்வுக்குப் போய்விடும். இரு திசைக்கு இரு தாளம் உள்ள இந்த வகைக்கு இயற்பியலில் பிளாக்பர்ன் ஊசல் என்றே பெயர் உண்டு. எட்டுப் போடுவது போலத் தெரிகிற ஆட்டங்கள் பலவும் இந்தக் குடும்பம்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதல் பத்து ஆட்டத்துக்குள் தெரிகிற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தெளிவாகத் தெரியாவிட்டால் பதில் இல்லை என்று வைத்து, குண்டை மறு கையால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். காத்திருக்கக் காத்திருக்க நீங்கள் படிப்பது நூலின் குணத்தைத்தான். நூல் நுனியில் ஒரு பாசிமணியை முடிந்து அதைப் பிடித்துக்கொண்டால், விரல் செய்கிற கோணல் கொஞ்சம் குறையும்.

ஒரே கேள்விக்கு வேறு வேறு நாளில் வேறு வேறு பதில்

வலச்சுற்று ஆம் என்பவர்கள் உண்டு, முன்பின் ஆட்டம் ஆம் என்பவர்கள் உண்டு. எல்லாருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. நீங்கள் எதை வைக்கிறீர்களோ அதுதான். அதனால் பிடிப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைப் பார்த்த பிறகு அர்த்தம் சொல்வது ஊசல் பார்ப்பதே ஆகாது.

அடுத்து, கேள்வியைப் பாருங்கள். தமிழில் கேட்கிற நமக்கு இது ஒரு தனித் தொல்லை. “நாளைக்குப் போக வேண்டாமா?” என்று கேட்டு ஊசல் ‘ஆம்’ என்றால் என்ன அர்த்தம்? ‘ஆமாம், வேண்டாம்’ என்றா, ‘ஆமாம், போக வேண்டும்’ என்றா? “அவர் பணம் தரமாட்டாரா?”, “இது நல்ல இடம் இல்லையா?” எல்லாம் இதே சிக்கல்தான். பேசும்போது குரலை வைத்துப் புரிந்துகொள்கிறோம், ஊசலுக்குக் குரல் இல்லை. ‘வேண்டாமா’, ‘இல்லையா’, ‘மாட்டாரா’ மூன்றையும் கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்கள். ‘அல்லது’ போட்டும் கேட்காதீர்கள். ஒரு கேள்வியில் ஒரு வினைச்சொல், ஒரு நாள், ஒரு இடம்.

இப்படிக் கேட்டும் பதில் மாறுகிறது என்றால், மாறியது உங்கள் மனம். அது தப்பில்லை. தேதி போட்டுக் குறித்து வையுங்கள். ஒரு வேலையை விடலாமா என்று நான் மூன்று மாதம் அப்படிக் குறித்து வைத்தேன். பதில்களைவிட அந்தத் தேதிகள்தான் எனக்கு அதிகம் சொல்லின. மாதக் கடைசியில் ஒரு பதில், சம்பளம் வந்த வாரத்தில் வேறொன்று.

நான் நினைத்ததையே சொல்கிறது

இதைக் கவனித்துவிட்டீர்கள் என்றால் மற்ற எல்லாரையும்விட நீங்கள் ஒரு படி முன்னால் இருக்கிறீர்கள்.

பிரான்சில் மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளருக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. ஒரு இரும்பு வளையத்தைச் சணல் நூலில் கட்டிப் பாதரசத்தின் மேல் பிடித்தார். ஆடியது. பாதரசத்துக்கும் வளையத்துக்கும் நடுவே கண்ணாடித் தட்டை வைத்தார், ஆட்டம் குறைந்தது. பாதரசத்தின் சக்தியைக் கண்ணாடி தடுக்கிறது என்று சொல்லி அங்கேயே முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. கைக்கு ஒரு மரத் தாங்கி வைத்து, அதைத் தோளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விரல் பக்கம் நகர்த்திக்கொண்டு வந்தார். தாங்கி விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது. விரலே தாங்கியில் படிந்ததும் நின்றுவிட்டது. பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டார். இப்போது உதவியாளர் கண்ணாடியை வைத்தாலும் எடுத்தாலும் ஊசலில் எந்த மாற்றமும் இல்லை. கண்ணாடி தடுக்கும் என்று அவர் எதிர்பார்த்ததுதான் கண்ணாடியின் சக்தி. 1833இல் இதையெல்லாம் இயற்பியலாளர் ஆம்பியருக்கு ஒரு கடிதமாக எழுதினார். எண்ணமே தசையை அசைக்கும் இந்த நிகழ்வுக்கு 1852இல் இங்கிலாந்தின் வில்லியம் கார்ப்பென்டர் ‘ஐடியோமோட்டார்’ என்று பெயர் வைத்தார்.

எனக்கு ஷெவ்ரலின் மேல் பெரிய மரியாதை. தன் கையில் நடந்ததையே அவர் சந்தேகப்பட்டார், ஆனாலும் அதைப் பொய் என்று தள்ளாமல் காரணத்தைத் தேடினார்.

நீங்கள் வீட்டில் செய்து பார்க்க ஒரு சோதனை. ஆறு எவர்சில்வர் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, ஒன்று முதல் ஆறு வரை எண் போடுங்கள். வீட்டில் ஒருவர் லூடோ பகடையை உருட்டி, விழுந்த எண்ணின் அடியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட வேண்டும். அவர் போன பிறகுதான் நீங்கள் உள்ளே வரவேண்டும். வழியில் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஊசலைப் பிடித்து எண்ணைச் சொல்லி நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். இப்படி 24 தடவை. கடைசியில்தான் இரண்டு தாளையும் ஒப்பிட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 4 சரியாக வரும். 9 அல்லது அதற்கு மேல் வருவது ஏறக்குறைய நூற்றில் ஒரு தடவை நடக்கும். 9 வந்தால் மறுநாள் மறுபடி செய்யுங்கள்.

காசு வைத்தவர் ஏன் அறையைவிட்டுப் போக வேண்டும் என்று கேட்பீர்கள். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து பார்த்தபோது, கேட்கிறவருக்கு விடை தெரிந்தால்தான் குதிரைக்கும் தெரிந்தது. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை துளி அசையும், குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். அசைந்தது அவருக்கே தெரியாது. குதிரைக்கே இவ்வளவு கூர்மை இருந்தால், எதிரில் உங்கள் அக்கா நின்றுகொண்டிருக்கும்போது உங்களுக்கு எவ்வளவு இருக்கும்!

நானும் இந்தச் சோதனையை மூன்று ஞாயிற்றுக்கிழமை செய்தேன். 5, 3, 4.

இன்னொருவர் பிடித்தால் வேறு பதில்

அவர் கை, அவர் எண்ணம். வேறு காரணம் தேட வேண்டாம். இரண்டு பேர் ஒரே பதில் சொன்னாலும், ஒருவர் பிடித்ததை மற்றவர் பார்த்திருந்தால் அது ஒரே பதில்தான், இரண்டு சாட்சி ஆகாது.

ஊசல் காட்டிய இடத்தில் தண்ணீர் வரவில்லை

இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். மற்றக் கோளாறுகளில் நேரம்தான் போகும், இதில் வீட்டு நகை போகும்.

எங்கள் உறவில் ஒருவர் தோட்டத்தில் மூன்று இடம் பார்த்துப் போர் போட்டு, மூன்றும் தண்ணீர் இல்லாமல் புகைந்தது. ரிக் வண்டி துளைக்கத் துளைக்க வெள்ளைப் பாறைத் தூள் மேகமாக எழும்பி, சுற்றியிருந்த தென்னை ஓலையெல்லாம் மாவு பூசியது போல ஆகிவிட்டது. எல்லாரும் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறோம், தூள் ஈரமாகிச் சேறாக வருமா என்று. 600 அடியில் நிறுத்தச் சொன்னார். இடம் பார்த்தவர் வேறொருவர். பெரியப்பா இல்லை. ஆனால் அன்று இரவு பெரியப்பா சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் அவரிடம் கேட்டேன். “பெரியப்பா, ஒரு தடவ கண்ணக் கட்டிக்கிட்டு நடந்து பாக்கலாங்களா?”

“அதுக்கென்ன கண்ணு, கட்டு.”

அவர் எத்தனையோ தடவை நடந்த எங்கள் தோட்டம்தான். துண்டால் கண்ணைக் கட்டி, நான்கைந்து சுற்றுச் சுற்றிவிட்டு, கையைப் பிடித்துக் குறுக்கும் நெடுக்குமாக நடத்தினேன். ஊசல் சுற்றிய இடத்தில் ஒரு கல் வைத்தேன். மூன்று தடவை நடந்ததில் மூன்று கல். ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து தப்படி தள்ளி. கட்டை அவிழ்த்துக் கல்லைப் பார்த்தவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப, கண்ணுதானாட்ட இருக்குது இத்தன நாளாப் பாத்தது” என்றார்.

அவர் சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன். பெரியப்பா ஒரு காட்டுக்குள் நுழையும்போதே பக்கத்துக் கிணறுகள் எந்த வாக்கில் இருக்கின்றன, எந்தப் பக்கம் பள்ளம், புற்று எங்கே, எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கிறது என்று எல்லாம் பார்த்துவிடுவார். அறுபது வருடத்துக் கிணறுகளின் கணக்கு மனதில் இருந்தது. கண் தேர்ந்தெடுத்த இடத்துக்கு வந்ததும் கை அசைந்தது. கிணறு எடுக்க இடம் பார்க்கும் கலையைத் தமிழில் கூவநூல் என்பார்கள், கூவல் என்றால் கிணறு. வராகமிகிரரின் பழைய வடமொழி நூலான பிருகத் சம்ஹிதையிலும் மரத்தையும் புற்றையும் வைத்து நீர் பார்க்கத் தனி அத்தியாயமே உண்டு. 1556இல் வெளியான சுரங்க நூலில் ஜெர்மனியின் அக்ரிகோலாவும், தாது இருக்கும் இடத்தைக் காட்டும் என்று பிடிக்கிற கவைக்குச்சியை நம்பாமல் நிலத்தில் தெரியும் அடையாளங்களைப் பார் என்றே சுரங்கக்காரருக்குச் சொல்கிறார். குறிப்பறிந்த கண்ணுக்கு மதிப்பு உண்டு. ஆனால் பழகாத கையில் அதே தூக்குக்குண்டைக் கொடுத்தால் அது எதைக் காட்டும்? பெரும்பாலும் ஈசானி மூலையை. வாஸ்துப்படி அங்கேதான் தண்ணீர் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரரும் நினைக்கிறார், பார்க்கிறவரும் நினைக்கிறார்.

1987, 88இல் ஜெர்மனியின் மியூனிக் அருகே ஒரு கொட்டகையில் பெரிய சோதனை நடந்தது. கீழ்த்தளத்தில் தண்ணீர் ஓடும் குழாயை வண்டியில் வைத்து இடம் மாற்றுவார்கள். குழாய் எங்கே என்று நீர் பார்க்கிறவர்கள் மேல்தளத்தில் நடந்து சொல்ல வேண்டும். 500 பேரைப் பார்த்து, தேறியவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கி, 843 தடவை செய்தார்கள். சிலருக்கு மட்டும் திறமை இருக்கிறது என்று நடத்தியவர்கள் எழுதினார்கள். அந்தத் தரவையே எடுத்து அலசிய ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க ஆய்வாளர், குருட்டாம்போக்குக்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று காட்டினார்.

அப்படியானால் ஊரில் இத்தனை பேருக்குத் தண்ணீர் வந்திருக்கிறதே? அது மண்ணைப் பொறுத்தது. காவிரி டெல்டாவின் வண்டலில் பெரும்பாலான இடங்களில் எங்கே துளைத்தாலும் மணலடுக்கில் நீர் இருக்கும். நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்பதுதான் கேள்வி. அங்கே ஊசல் பிடிக்கிறவருக்குப் பெயர் கெடாது. ஆனால் தமிழ்நாட்டு நிலப்பரப்பில் ஏறக்குறைய முக்கால்வாசி கடினப்பாறை. அங்கே தண்ணீர் இருப்பது மேலே இருக்கிற சிதைந்த பாறையிலும், அடியில் இருக்கிற வெடிப்புகளிலும் மட்டும்தான். ஒரு வெடிப்பைப் பிடித்தவருக்கு இரண்டங்குலம் தண்ணீர் வரும். முப்பதடி தள்ளிப் போட்டவருக்குப் புகை வரும்.

அதனால் கடினப்பாறைப் பகுதியில் இப்படிச் செய்யுங்கள். முதலில் சுற்றியுள்ள கிணறு, போர் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எத்தனை அடி, எத்தனை அடியில் தண்ணீர் தட்டியது, கோடையில் நின்றுபோகிறதா, எத்தனை அடிக்குக் கேசிங் பைப் (துளையின் மேல்பகுதி சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) இறக்கினார்கள். கேசிங் எவ்வளவு இறங்கியது என்பதே சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிடும். புகைந்த போர்களைக் கட்டாயம் எழுதுங்கள், அவற்றைப் பற்றி யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அடுத்து, மின்தடை ஆய்வு செய்யுங்கள். தரையில் கம்பிகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, பூமி எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது இது. ஈரமான சிதைந்த பாறை குறைவாகத் தடுக்கும், காய்ந்த பாறை அதிகம் தடுக்கும். களிமண்ணும் உப்புநீரும்கூடக் குறைவாகத்தான் தடுக்கும் என்பதால், எண்ணைப் படிக்கத் தெரிந்த நிலவியலாளர் வேண்டும். இதுவும் நூற்றுக்கு நூறு இல்லை, ஆனால் யார் அளந்தாலும் அதே எண் வரும். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். இவை முடிந்து இரண்டு மூன்று இடம் சமமாக நின்றால், அவற்றில் எது என்று ஊசலைக் கேட்டுக்கொள்ளலாம். அப்போது எந்தப் பதில் வந்தாலும் நஷ்டமில்லை.

‘ஒரு சுற்றுக்குப் பத்தடி’ என்று சுற்றுகளை எண்ணி ஆழம் சொல்பவரிடம், அவர் இதற்கு முன் பார்த்துக் கொடுத்த பத்துத் தோட்டங்களின் முகவரி கேளுங்கள். நல்லது வந்த பத்து வேண்டாம், கடைசியாகப் பார்த்த பத்து.

உடம்பைப் பற்றிக் கேட்டால் பயமுறுத்துகிறது

கேட்காதீர்கள். இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. பயந்துகொண்டு கேட்கும் கை பயத்தைத்தான் காட்டும். மாத்திரையின் மேல் ஊசலைப் பிடித்து, இன்று வேண்டாம் என்று நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையெல்லாம் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. கர்ப்பிணியின் வயிற்றின் மேல் மோதிரத்தை ஆட்டி ஆணா பெண்ணா பார்ப்பதும் வேண்டாம். இரண்டே விடை என்பதால் பாதி தடவை பலித்துவிடும், அந்தப் பாதியே ஒரு வீட்டின் நிம்மதியைக் கெடுக்கப் போதும்.

ஆசை தீரக் கேட்டுப் பார்ப்பதில் என்ன கெடுதல் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஈராக்கில் சாலைச் சோதனைச் சாவடிகளில் ஏடிஇ 651 என்ற கருவியை வைத்து வெடிகுண்டு தேடினார்கள். கைப்பிடியும் அதில் தாராளமாகத் திரும்பும் கம்பியும்தான் மொத்தக் கருவி. கம்பியைத் திருப்பியது காவலரின் கை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் 10 வருடச் சிறை விதித்தது. அதற்குள் எத்தனை வண்டிகள் குண்டோடு கடந்துபோயிருக்கும்!

தொலைந்த பொருளைத் தேடும்போது சில தடவை பலிக்கிறது, சில தடவை இல்லை

இங்கே ஊசலை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்களே வைத்து மறந்த பொருள் என்றால், எங்கே வைத்தோம் என்பது உங்களுக்குள் எங்கேயோ இருக்கிறது. வாய்க்கு வராதது கைக்கு வரலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2012இல் ஒரு ஆய்வு வந்தது. விடை தெரியாது, ஊகம்தான் என்று ஆட்கள் நினைத்த கேள்விகளுக்கு, வாயால் சொன்னதைவிட வீஜா பலகையில் (ஆவியிடம் கேட்பதாகச் சொல்லி, ஆம், இல்லை என்று எழுதியதன் மேல் கையை நகரவிடும் பலகை) கை நகர்ந்து சொன்ன விடைகள் அதிகம் சரியாக இருந்தன. அங்கேயும் கண்ணைக் கட்டித்தான் செய்தார்கள்.

ஆக, பொருளைத் தொலைத்தது யார் என்று முதலில் பாருங்கள். நீங்கள் வைத்த சாவிக்கு உங்கள் கைதான் பிடிக்க வேண்டும். மகன் தொலைத்த சாவிக்கு நீங்கள் பிடித்துப் பயனில்லை, அவன் கையில் கொடுங்கள். பக்கத்து வீட்டில் தொலைந்த நகைக்கு யார் எடுத்தார்கள் என்று ஒருபோதும் பிடிக்காதீர்கள். நீங்கள் யார்மேல் சந்தேகப்படுகிறீர்களோ அவர் பெயரில்தான் சுற்றும்.

வீட்டின் அறைகளை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரையுங்கள். அன்றைக்கு வெளியே போய் வந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசரமில்லாமல் ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பத்து ஆட்டம் பிடியுங்கள். எந்தக் கட்டத்தில் அகலமாக ஆடுகிறதோ அந்த அறையில் பத்து நிமிடம் தேடுங்கள். எங்கள் வீட்டுப் பத்திரம் ஒருமுறை அப்படித்தான் அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. அங்கே இல்லையென்றால் ஊசலை வைத்துவிட்டு, துணி துவைக்கப் போட்டதில் பாக்கெட்டுகளைப் பாருங்கள்.